ஐம்பதுக்கு நாற்பத்தாறு

நவம்பர் 3, வெள்ளி

இந்த நோட்டு என் மருமகள் பிரிசில்லா கொடுத்தது. பீர் குடித்துப் பார்த்து மார்க் போடுவதற்கு. வேலுத்தாய், வயது எழுபத்திரண்டு, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், மகள் வழியில் பேரன் பேத்தி எடுத்தவள், பீருக்கு மார்க் போடுகிறேன். போடியில் 1991-இல் சாராயக் கடையை மறித்து உட்கார்ந்த பெண்களில் முதல் வரிசையில் நான் இருந்தேன். பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தில் இருக்கிற யாராவது இந்த நோட்டைப் பார்த்தால் நான் நாண்டுகொள்ள வேண்டியதுதான்.

நடந்தது இது. பிரிசில்லாவுக்கு இங்கே பெங்களூரில் பீர் காய்ச்சுகிற வேலை. அங்கேயே காய்ச்சி, அங்கேயே மேசை போட்டு விற்கிற இடம். முதலாளி சதானந்தா டிசம்பர் 15 அன்று அவள் காய்ச்சும் கறுப்புப் பீரைக் குடித்துப் பார்ப்பார். போர்ட்டர் என்று அதற்குப் பெயர். பிடித்தால் காய்ச்சும் வேலைக்கு அவளே தலை. பிடிக்காவிட்டால் அவளுக்குக் கீழே இருக்கிற லோகேஷ் என்பவனுக்குப் பொறுப்பு போய்விடும். ஏழு வருடம் அங்கே சாக்குத் தூக்கித் தொட்டி கழுவி வந்த பொறுப்பு.

இந்த நேரத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஏழாவது வாரம். குடிக்கக் கூடாது. முகர்ந்து பார்க்கலாம் என்றால் எந்த வாசனையும் குமட்டுகிறதாம். மூன்று மாத ஸ்கேன் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று நான்தான் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை கலைந்த வயிறு.

இன்று காலை சமையலறையில் வந்து நின்றாள்.

"அத்தை, உங்க நாக்கு எனக்கு வேணும்."

"நீளமான நாக்குன்னு உங்கம்மா சொன்ன நாக்கா?"

"அம்மா எப்ப சொன்னாங்க?"

"2017, மே 22. சர்ச் வாசல்ல. பச்சைப் பட்டு கட்டியிருந்த உங்க சித்திகிட்ட."

சிரிக்கவில்லை அவள். "போடியில முப்பத்தி நாலு வருசம் காபிக்கொட்டை வறுத்திருக்கீங்க. கறுப்புப் பீர்ல பாதி விசயம் வறுவல்தான். தீஞ்சதா, பக்குவமான்னு உங்களைத் தவிர யாரு சொல்லுவா?"

என் மகன் தனபாலைக் குடிக்கச் சொல்லலாம். அவனுக்குப் பீரும் ஒன்று, இளநீரும் ஒன்று.

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எழுதவில்லை. கேட்டது அவள் என்பதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை நான் மன்னிக்கவில்லை. கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் கையால் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சிக்கரி எவ்வளவு சேர்க்கிறீங்க?" என்று ஒன்பது பேருக்கு முன்னால் கேட்டவள். ஒரு பொட்டு சிக்கரி கிடையாது என்று அதுவரை ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வேறு கடையிலிருந்து ஒரு பாட்டில் கறுப்புப் பீர் வாங்கி வந்தாள், பழக்கத்துக்கு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் தமிழர்கள்.

ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பத்து.

நிறம்: கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி சிவப்பு. 8.
நுரை: பழுப்பு. சீக்கிரம் செத்துவிட்டது. 5.
மணம்: வறுத்த காபி மணம். 9.
சுவை: முதலில் கசப்பு, பிறகு வறுகடலைத் தோலை மென்ற மாதிரி. 6.
பிறகு வாயில் நிற்பது: சாம்பல். அடுப்புக்கரியில் பல் தேய்த்தது மாதிரி. 3.

முப்பத்தொன்று.

"சாம்பல்!" என்று கையைத் தட்டினாள் பிரிசில்லா. "கரெக்ட்டு அத்தை. விலைக்கு வாங்குற கறுத்த தானியத்துல இதுதான் பிரச்சினை. எல்லாரும் பீர்னாலே இப்படித்தான்னு விட்டுடறாங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் கேவலம், மூன்று வாய் போதும் என்று அவள் சொல்லியிருக்க, நான் ஆறு வாய் குடித்திருந்தேன். அவள் கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையும் நான் கவனித்தேன்.

மாலையில் கம்பளி எடுக்க என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கூடத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். "அந்துருண்டை, அத்தை. முடியல." என் பெட்டி அவளுக்கு நாறுகிறது. இதையும் சேர்த்து வைக்கிறேன்.

நவம்பர் 9, வியாழன்

பார்லியை நாமே வறுத்தால் என்ன என்று நான்தான் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. மறுநாளே முளைகட்டி உலர்த்திய பார்லி ஆறு கிலோ கொண்டுவந்து இறக்கிவிட்டாள். மற்ற தானியமெல்லாம் வெளியிலிருந்து வரும். கறுப்பும் வறுவலும் மட்டும் நம் கையிலிருந்து போகும்.

நேற்றும் இன்றும் வறுத்தேன். இரும்புச் சட்டி, மரக்கரண்டி, ஒரு தடவைக்குக் கால் கிலோ. பிரிசில்லா வேலைக்குப் போனபிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன், புகை அவளுக்கு ஆகாது என்று.

வறுவலைக் காதால் கேட்க வேண்டும். முதலில் மணல் சலிக்கிற சத்தம். பிறகு ஈரம் போய், சருகை மிதிக்கிற சத்தம். அதன்பிறகு ஒன்று இரண்டாக வெடிக்கும். வெடிப்பு நின்று சட்டி அமைதியாகும்போது ஒரு மூச்சு இருந்து இறக்கிவிட வேண்டும். ஒரு மணியை நகத்தில் நெரித்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நானாகக் கண்டுபிடித்தது இல்லை. போடியில் செல்லையா முதலாளியின் காபிக்கொட்டைக் கடையில் புகையில் கண் தெரியாத நாட்களில் பழகியது. கடையில் மற்றவர்கள் மூக்கைத்தான் நம்புவார்கள். காதே போதும்.

எதிர் வீட்டம்மா கதவைத் தட்டி, "என்ன வறுக்கிறீங்க, மணம் படியேறி வருதே" என்று கேட்டாள். சத்துமாவு என்றேன்.

வறுத்ததைச் சுடச்சுட டப்பாவில் அடைத்தால் வியர்த்துவிடும். பருத்தித் துணியில் மூட்டை கட்டி இரண்டு நாள் ஆறவிட வேண்டும். அதிலும் கவனம் வேண்டும். வறுத்த பண்டம் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் செல்லையா முதலாளி அன்றைக்கு எங்களை மூட்டைப் பக்கமே விடமாட்டார்.

இந்த வீட்டில் பருத்தி என்று எதுவும் இல்லை, எல்லாம் வழவழவென்று நைலான். என் பெட்டியிலிருந்து அவருடைய வேட்டி இரண்டை எடுத்தேன். அவர் போனபிறகு துவைத்து மடித்து வைத்தது. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதில் கட்டி, மூடி போட்ட டிரம்மில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, தீபாவளி

பாயசத்துக்கு வைத்த பால் தீய்ந்துவிட்டது. தனபால் குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தான். "வெடி பார்த்துட்டு இருந்தேன்டா" என்றேன். அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தேன்.

நவம்பர் 15, புதன்

மூட்டைகளை அவிழ்த்து டிரம்மிலேயே கொட்டி மூடிக் கொடுத்தேன்; வேட்டிகள் பெட்டிக்குத் திரும்பின. பிரிசில்லா டிரம்மைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். இன்று காய்ச்சுகிறார்கள்.

நவம்பர் 28, செவ்வாய்

பீர் தொட்டியில் புளித்துக்கொண்டிருக்கிறதாம். இவள் இங்கே மோர்சாதத்தைத் தவிர எதுவும் இறங்காமல் கிடக்கிறாள். போனில் லோகேஷிடம் கடுகடு என்று கன்னடத்தில் பேசுகிறாள். வைத்ததும் முகம் சுருங்கிவிடுகிறது.

"அவன் குடிச்சுப் பார்க்கட்டுமான்னு கேக்குறான் அத்தை. குடிச்சான்னா, நீங்க ஏன் குடிக்கலன்னு கேப்பான். தொட்டியைத் தொறக்காதன்னு சொல்லிட்டேன்."

"அவன் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 6, புதன்

நம் பீர் வந்துவிட்டது. சின்னப் பாட்டிலில், ஈரத் துணி சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவது மாதிரி தூக்கி வந்தாள். கண்ணாடி டம்ளரில் நான்தான் ஊற்றினேன். அவள் எட்டிப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

நிறம்: கருவிழி மாதிரி. 10.
நுரை: டிகாஷன் நுரை மாதிரி கெட்டியாக நின்றது. விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே இருந்தது. 9.
மணம்: வறுத்த காபி மணம். 9.
சுவை: கசப்பு வருகிறது, குத்தவில்லை. அதன் பின்னால் கருப்பட்டி இனிப்பு ஒன்று மெதுவாக வந்து உட்காருகிறது. புளிப்பு அளவு. 9.
பிறகு வாயில் நிற்பது: சாம்பல் இல்லை. சாம்பலே இல்லை. 9.

நாற்பத்தாறு.

"அத்தை, உண்மையா?"

"நான் என்னைக்குடி உனக்குக் கூடப் போட்டிருக்கேன்?"

"அதான் நம்புறேன்" என்றாள். "எனக்கு ஏதோ ஒரு நெடி அடிக்கிற மாதிரியே இருக்கு. ஆனா எனக்கு இப்ப தண்ணி குடிச்சாலும் நெடி அடிக்குது. நீங்க முகர்ந்து பார்த்தீங்கள்ல? நல்லா?"

"நல்லாப் பார்த்தேன்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் செய்ததில்லை. கையை இழுத்துக்கொண்டேன். மிச்சத்தைக் கொட்டாமல் குடித்துவிட்டேன். தலை லேசாக ஆடியது. வெட்கமாக இருக்கிறது. பீரால் வந்த வெட்கம் என்றே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 15, வெள்ளி

நாலு மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சதானந்தாவும் அவர் கூட்டி வந்த இரண்டு பேரும் குடித்தார்களாம். முதல் ஆள் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனவன் அப்படியே இறக்கி வைத்துவிட்டான். இரண்டாவது ஆள் சிரித்துவிட்டான். சதானந்தா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாராம்: "பிரிசில்லா, எங்க பாட்டியோட பீரோவைத் தொறந்த மாதிரி இருக்கே?"

"அந்துருண்டை, அத்தை" என்றாள் என்னிடம். "அந்துருண்டை நாத்தம். முன்னூறு லிட்டரும்."

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"'குடிச்சுப் பார்த்தியா நீ?'ன்னு கேட்டாரு. பார்த்தேன்னு சொன்னேன். 'பார்த்துமா இதைக் கொண்டாந்து வச்சே?'ன்னாரு. அதுக்கு என்ன சொல்றது? லோகேஷ்கிட்ட சாவியக் கொடுக்கச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமையிலேர்ந்து அவன்தான். எல்லாத்தையும் சாக்கடையில தொறந்துவிட்டாங்க. நான்தான் குழாயைத் திருப்பினேன்."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா அத்தை?"

"அன்னைக்குச் சுத்தமா இருந்துச்சு" என்றேன். "தொட்டியைச் சரியாக் கழுவுனாங்களா? அந்த லோகேஷ் ஏதும் செஞ்சிருப்பான்."

வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

டிசம்பர் 16, சனி

வேட்டி இரண்டையும் துவைத்துப் போட்டேன். ஒன்றைத்தான் துவைத்தேன். இன்னொன்று பெட்டியிலேயே இருக்கிறது.

டிசம்பர் 18, திங்கள்

பொறுப்பு இல்லாவிட்டாலும் வேலைக்குப் போகிறாள். நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். தொட்டியில்தான் கோளாறு என்று காட்டிவிட்டால் பெயராவது தப்பும் என்று, யாரும் சொல்லாமலேயே தொட்டிக்குள் இறங்கி, காஸ்டிக் சோடா போட்டு மூன்று தடவை தேய்த்து, அந்த நாற்றம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடியிருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள்.

"லோகேஷ்கிட்ட நேராவே கேட்டுட்டேன்" என்றாள் தனபாலிடம். "நீ ஏதாவது போட்டியான்னு. அவன் அழுதுட்டான். அவங்கம்மா மேல சத்தியம் பண்றான். நான் என்ன மனுசி!"

தனபால் என்னைப் பார்த்து, "நீ ஏம்மா சாப்பிடல?" என்றான்.

பல்வலி என்றேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

எனக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, வேலை செய்யவில்லை. காய்ச்சல் வந்து எல்லாரும் செத்துக்கொண்டிருந்த அந்த வருடம், வைகாசி மாதம் எனக்கும் பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் எழுந்து காபித்தூள் டப்பாவைத் திறந்தேன். வெறும் டப்பா மாதிரி இருந்தது. வந்துவிடும், வந்துவிடும் என்றார்கள் டிவியில். எனக்கு வரவில்லை. நாக்கில் கசப்பும் இனிப்பும் புளிப்பும் உப்பும் தெரியும். அதோடு சரி. இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் ஆஹா என்றால் ஆஹா என்றும், சீ என்றால் சீ என்றும் சொல்லிக்கொண்டு ஓட்டிவிட்டேன்.

சொன்னால் நான் யார்? செல்லையா முதலாளி முன்னூறு மூட்டை வந்து இறங்கினால், "வேலுத்தாயைக் கூப்பிடுங்கடா" என்பார். வேட்டி கட்டின ஆம்பிளைகள் வரிசையாகத் தள்ளி நிற்க, நான் மூட்டைக்குள் குத்தூசி போட்டு எடுத்த கொட்டையை முகர்ந்து நல்லது, பூஞ்சை என்று பிரிப்பேன். படிக்காத எனக்கு இருந்த ஒரே படிப்பு அது.

பிரிசில்லா நாக்கு வேண்டும் என்றுதான் கேட்டாள். நான்தான் நாக்கோடு மூக்கையும் சேர்த்து விற்றேன். மணத்துக்கு இரண்டு தடவையும் ஒன்பது. இரண்டு தடவையும் ஒரே மூன்று வார்த்தை. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

இன்னொன்றும் எழுதுகிறேன். 1983-இல் யார் எந்தப் புடவை கட்டிக்கொண்டு என்னை என்ன சொன்னாள் என்று சொல்லுவேன். காபி வறுக்கிற வாசனை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இப்போது வார்த்தைதான் வருகிறது. வாசனை வரவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

பிரிசில்லாவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன். தனபால் கூட்டிப்போனான். அவர்கள் போனதும் துவைக்காத வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆட்டோ பிடித்துப் பீர் காய்ச்சும் இடத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சதானந்தா ஒல்லியான மனிதர், என் தம்பி வயது. பக்கத்தில் லோகேஷும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் பெயர் எல்லாருக்கும் நடுவில்தானே கெட்டது என்று நின்றபடியே சொன்னேன்.

"பிரிசில்லா மாமியார் நான். தப்பு தொட்டில இல்லை. இந்தத் தம்பி மேலயும் இல்லை. பார்லிய வறுத்து மூட்டை கட்டினது நான். அந்துருண்டை போட்ட துணில கட்டிட்டேன். எனக்கு வாசனை தெரியாது. மூக்கு செத்து ரெண்டரை வருசமாச்சு. அவளுக்கு அது தெரியாது. குடிச்சுப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னதும் நான்தான்."

சதானந்தா லோகேஷைப் பார்த்தார். லோகேஷுக்கு என்ன தோன்றியதோ, தரை துடைக்கிற பினாயில் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினான். நான் சும்மா நின்றேன். பக்கத்தில் நின்றவன்தான் இருமினான்.

"அய்யோ பாவம்மா" என்றான் லோகேஷ். அவன் பினாயிலை நீட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பையை அவிழ்த்தேன். சதானந்தா வேட்டியை வாங்கி முகத்தருகே கொண்டுபோய், சட்டென்று தள்ளிப் பிடித்தார். "இதேதான். இதே நாத்தம்தான்." லோகேஷிடம் கொடுத்தார். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். அடுத்தவன் அதற்கடுத்தவனிடம். ஒவ்வொருத்தனும் முகர்ந்து மூஞ்சியைச் சுளித்தான். என் வீட்டுக்காரர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டி. ஐந்து ஆம்பிளைகள் கைமாறி என்னிடம் திரும்பி வந்தது. மடிக்கத் தெரியாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் சரிம்மா" என்றார் சதானந்தா. "துணி உங்களோடது. ஆனா அவங்க ஏன் குடிச்சுப் பார்க்கல? பார்த்தேன்னு என்கிட்ட பொய் சொன்னாங்களே, அது ஏன்?"

இதை நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. கருவைச் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அவள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? இன்றைய ஸ்கேனில் என்ன வருமோ என்று அவள் நேற்றெல்லாம் தூங்கவில்லை.

"நான் சத்தியம் வாங்கியிருக்கேன்" என்றேன். "அவ வாயில ஒரு சொட்டு பீர் பட்டுச்சுன்னா அந்த வீட்டுல நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னு. காய்ச்சிக்கோ, வித்துக்கோ, குடிக்கக் கூடாதுன்னு."

"ஏழு வருசமா குடிச்சுப் பார்த்துட்டுதானே இருந்தாங்க?"

"எனக்குத் தெரியாம குடிச்சிருக்கா. ஐப்பசி மாசம்தான் கண்டுபிடிச்சேன். அக்டோபர் 29, ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. அவ பைபிள் மேலயே கை வைக்கச் சொன்னேன்."

தேதியோடு சொன்னதும் நம்பிவிட்டார்கள்.

"நீங்க குடிக்கலாம், அவங்க குடிக்கக் கூடாதாம்மா?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தன் கன்னடத்தில் ராட்சசி என்றான். அந்த வார்த்தை கன்னடத்திலும் அதேதான்.

சதானந்தா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இதைச் சொல்லாம எல்லாத்தையும் தாங்கிட்டு நின்னுச்சேம்மா" என்றார். "பெரியவங்க நீங்க. சத்தியத்த விட்டுக்கொடுங்க."

"முடியாது" என்றேன். விட்டுக்கொடுத்தால் நாளைக்கே அவளைக் குடிக்கச் சொல்வார்கள்.

டிசம்பர் 22, வெள்ளி

ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். தனபால் சொன்னான். அவள் என்னிடம் சொல்லவில்லை. சதானந்தா நேற்றே அவளுக்குப் போன் செய்துவிட்டார்.

டிசம்பர் 24, ஞாயிறு

இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று மாலை சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்றவள் பையைச் சோபாவில் வைத்துவிட்டு, இந்த நோட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். தனபால் அப்பால் நின்றான்.

"மணத்துக்கு ஒம்பது" என்றாள். "எதை வச்சுப் போட்டீங்க?"

"ஞாபகத்தை வச்சு."

"கேஸ் கசிஞ்சிருந்தா? பகலெல்லாம் நீங்க தனியா இருக்கற வீடு. ரெண்டரை வருசம். எங்க யாருக்கும் தெரியாம." பக்கத்தைத் திருப்பினாள். "லோகேஷைத் திருடன் மாதிரி கேட்டேன் அத்தை. நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க? பல்வலின்னீங்க."

"ஆமா."

"என்ன ஆமா?"

"நான் செஞ்சது ஈனத்தனம். வேற என்ன சொல்றது? உனக்கு என்ன தோணுதோ சொல்லு. கேட்டுக்கறேன்."

அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். சிக்கரி பக்கம், அந்துருண்டை பக்கம் எல்லாவற்றையும் படித்தாள். நான் தடுக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "முதலாளி சாவியத் திருப்பிக் கொடுத்துட்டாரு" என்றாள். "ஜனவரியில மறுபடி காய்ச்சணும். இந்தத் தடவ லோகேஷும் அவரும் வாராவாரம் குடிச்சுப் பார்ப்பாங்க. நான் குடிக்க வேண்டாமாம். மாமியார் கொடுமையாம். ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்றான். ஒருத்தன் வக்கீல் நம்பர் குடுத்திருக்கான்."

தனபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவனை முறைத்தேன்.

"அக்டோபர் இருபத்தொம்பது சாயங்காலம் நான் எங்க அம்மா வீட்டுல இருந்தேன் அத்தை. திண்டுக்கல்ல."

"தெரியும். ஏழு இருபது பஸ்சுக்குத்தான் அங்கேர்ந்து கிளம்பினே. அவசரத்துக்கு அந்தத் தேதிதான் வந்துச்சு."

"ஒண்ணு கேக்கறேன். நெசமாவே அப்படி ஒரு சத்தியம் வாங்கியிருப்பீங்களா நீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தின்னா வாங்கியிருப்பேன்" என்றேன். "பைபிள் எல்லாம் போதாது. உன் தலையில அடிச்சே வாங்கியிருப்பேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கோபமும் அழுகையும் கலந்த சிரிப்பு. சிரித்துச் சிரித்து இரும ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பல நாள் கழித்து மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பு முழுக்க வெளியே வந்தது. தனபால் பின்னாலேயே ஓடினான். வாசலோடு திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலம்மா" என்று பால்கனிக்குப் போய்விட்டான்.

எனக்கு ஒன்றுமில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் குந்தி, நெற்றியை ஒரு கையாலும் பின்னலை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டேன். "தள்ளிப் போங்க அத்தை, நாறுது" என்றாள் மூச்சுக்கு நடுவில். "நீ எடு" என்றேன். வயிறு ஓயும் வரைக்கும் அவள் தலை என் உள்ளங்கையில் இருந்தது.